பியானோ விழுங்கிய பெண்ணும் பட்டவராயன் செருப்பும்

பொழுது விடிந்துவிட்டது. ராத்திரி அந்த வீட்டுக்குள் நடந்தது எதுவும் தெரியாத ஒரு பெண், கழுத்துத் துணி காற்றில் பறக்க வந்து சேர்கிறாள். வீட்டுப் பெண்ணின் அப்பாவை மணக்கப்போகிற சித்தி அவள். உள்ளே கிமோனோ உடுத்தி, புதுப் பெண்போல உட்கார்ந்திருக்கிறாள் மகள். சிநேகிதிகள் எங்கே என்று சித்தி கேட்கிறாள். தூங்குகிறார்கள், பசித்தால் எழுந்துவிடுவார்கள் என்று பதில் வருகிறது. மகள் கை நீட்ட, சித்தியும் கை கொடுக்கிறாள். அடுத்த கணம் சித்தி பற்றி எரிகிறாள்.

நொபுஹிகோ ஓபயாஷி இயக்கி 1977 ஜூலையில் தோஹோ நிறுவனம் வெளியிட்ட 'ஹவுஸ்' இப்படித்தான் முடிகிறது. கோடை விடுமுறையைக் கழிக்க தங்களில் ஒருத்தியின் பெரியம்மா வீட்டுக்குப் போன ஏழு பள்ளி மாணவிகளில் ஒருத்தியும் பழையபடி திரும்பவில்லை. ஒருத்தியைப் பியானோ விரல் விரலாகக் கடித்து முழுசாக விழுங்கிவிட்டது. இன்னொருத்தியை மெத்தைகள் மேலே விழுந்து அமுக்கிவிட்டன. குங்ஃபூ தெரிந்த பெண்ணை விளக்கு கவ்வியது. உடம்பு போன பிறகும் அவளுடைய இரண்டு கால்கள் மட்டும் பறந்து வந்து சுவரில் இருந்த பூனைப் படத்தை உதைத்தன. இவர்களைக் காப்பாற்றப் புறப்பட்ட வாத்தியார் வழியிலேயே வாழைப்பழக் குவியலாகிவிட்டார். வாழைப்பழத்துக்குச் சிரிக்கத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே படத்தைத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் இலஞ்சியில், ஒரு வீட்டுக் கூடத்தில் போட்டுக் காட்டினால் கடைசிக் காட்சி முடிந்ததும் என்ன கேள்வி வரும்? பியானோ எப்படிக் கடிக்கும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "சரி, அந்தப் பெரியம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?" என்றுதான் கேட்பார்கள். பேய்க் கதை கேட்டுப் பழகிய ஊரின் கேள்வி அது. வீட்டுச் சாமான்களுக்கு உயிர் வரும் ஜப்பானியப் படங்களும், டிவியிலும் செல்போனிலும் பேய் ஏறும் தமிழ்ப் படங்களும் எந்த இடத்தில் வழி பிரிகின்றன என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஓபயாஷி முதலில் விளம்பரப் படக்காரர். ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சனை வைத்து 'மேண்டம்' விளம்பரம் எடுத்துப் பேர் வாங்கியவர். 1975-இல் வந்த 'ஜாஸ்' போட்ட போட்டில் அதுபோல ஒன்று வேண்டும் என்று தோஹோ அவரிடம் கேட்டது. அவர் கதை கேட்கப் போனது தன் சின்ன மகள் சிகுமியிடம். பெரியவர்களுக்குத் தெரிந்ததைத்தான் யோசிக்க முடியும், பிள்ளைகள்தான் விளங்காததையும் யோசிப்பார்கள் என்பது அவர் கட்சி. கண்ணாடியில் தெரியும் முகம் வெளியே வந்து பிடித்தால்? வாசிக்கும்போது பியானோ விரலைக் கடித்தால்? அடுக்கி வைத்த மெத்தைகள் சரிந்து மேலே விழுந்தால்? குளிரட்டும் என்று கிணற்றில் போட்ட தர்பூசணி மனிதத் தலையாக மேலே வந்தால்? மகள் பயந்ததையெல்லாம் வரிசையாகக் கோத்து, சிஹோ கட்சுரா திரைக்கதை எழுதினார்.

கதையைத் தோஹோ ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே இருந்த இயக்குநர் ஒருவரும் அதைத் தொட முன்வரவில்லை. படம் தொடங்கவே இரண்டு வருஷம் போனது. அதற்குள் ஓபயாஷி சும்மா இருக்காமல் வானொலி நாடகமாகவும் சித்திரக் கதையாகவும் அதை ஊரெல்லாம் பரப்பினார். படம் வருவதற்கு முன்பே பாட்டுத் தட்டு வந்துவிட்டது. விமர்சகர்கள் முகம் சுளிக்க, பள்ளி வயசுக் கூட்டம் தியேட்டரை நிறைத்தது. அமெரிக்கக்காரர்கள் தியேட்டரில் இதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

சிரிப்புக்கு அடியில் ஒரு கசப்பு இருக்கிறது. அந்தப் பெரியம்மாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை இரண்டாம் உலகப் போருக்குப் போனவன், திரும்பவில்லை. வருவான் என்றே காத்திருந்து கிழவியாகிச் செத்தும் போனாள். காத்திருப்பு மட்டும் சாகவில்லை, வீடாக நின்றுகொண்டது. கல்யாணம் ஆகாத பெண்களைத் தின்றால்தான் அவளுக்குத் தன் மணக்கோலம் திரும்பக் கிடைக்கும். ஓபயாஷி 1938-இல் ஹிரோஷிமா மாகாணத்தின் ஒனோமிச்சி ஊரில் பிறந்தவர். அணுகுண்டில் சிறு வயதுத் தோழர்களை இழந்தவர். படத்தில் வரும் பெண்களோ போரைப் பார்க்காத தலைமுறை. பெரியம்மாவின் சோகக் கதையைக்கூட அவர்கள் கலகலவென்று பேசிக்கொண்டேதான் கேட்கிறார்கள். வீடு அவர்களைத் தின்கிறது.

ஜப்பானில் சாமான்களுக்கு உயிர் வருவது புதுசல்ல. நூறு வருஷம் புழங்கிய பண்டத்துக்கு ஆவி வந்துவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. 'ட்சுகுமோகாமி' என்பார்கள். ஒற்றைக் காலில் குதிக்கும் குடை, நாக்கை நீட்டும் காகித விளக்கு எல்லாம் இந்த வம்சம்தான். இதற்கென்றே முரோமாச்சி காலத்துச் சித்திரச் சுருள் ஒன்று உண்டு. வருஷக் கடைசியில் வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்யும்போது பழைய தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் எறிகிறார்கள். இத்தனை வருஷம் உழைத்தோமே, இதுதானா மரியாதை என்று சாமான்கள் கூட்டம் போடுகின்றன. ஆவியாகி மனிதர்களைப் பிடித்துத் தின்று, குடித்துக் கூத்தடிக்கின்றன. பிறகு பௌத்தத் துறவிகளின் மந்திர பலத்தில் அடங்கி, தாங்களே துறவு பூண்டு, ஷிங்கோன் நெறியில் தவம் செய்து புத்த நிலை அடைகின்றன. பானை சட்டிக்கு முக்தி! பழைய கதைக்கு இப்படி ஒரு நிம்மதியான முடிவு இருந்தது. ஓபயாஷி அதைத் தரவில்லை.

எறிந்த சாமானுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு அங்கே இன்றைக்கும் போகவில்லை. பிப்ரவரி 8-ஆம் தேதி உடைந்த தையல் ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், மெத்தென்ற டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்கிறார்கள். காலமெல்லாம் முரட்டுத் துணியில் குத்துப்பட்ட ஊசிக்குக் கடைசியில் ஒரு மெத்தை. சோனி நிறுவனம் 1999-இல் விற்க ஆரம்பித்த 'ஐபோ' இயந்திர நாய்களுக்கு 2014-இல் பழுதுபார்ப்பை நிறுத்தியதும், சிபா மாகாணத்தில் இசுமி ஊரின் கோஃபுகுஜி கோயிலில் அவற்றுக்கு இறுதிச் சடங்கே நடந்தது. சாம்பிராணிப் புகை, மந்திரம், கழுத்தில் பெயர்ச்சீட்டு எல்லாம் உண்டு. மந்திரம் முடிந்ததும் உடம்பை உதிரிப் பாகத்துக்குக் கழற்றிக்கொண்டார்கள்.

இலஞ்சிக்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆயுத பூஜை அன்று தென்காசி, குற்றாலம், செங்கோட்டைச் சாலைகளில் போனால் சந்தனப் பொட்டு இல்லாத இயந்திரத்தைக் காண்பது கஷ்டம். சீசனில் அருவிக்கு ஆளேற்றும் வேன், ஆட்டோ, மாவு மில், லேத், தையல் மெஷின், ஜெராக்ஸ் மெஷின், வீட்டுக்குள்ளே கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றுக்கும் குங்குமமும் மாலையும். புது வண்டி வாங்கினால் முதல் ஓட்டம் கோயில் வாசலுக்கு. எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் டயர் உருளாது. உரலில் உட்காராதே, முறத்தை மிதிக்காதே, வெறும் தொட்டிலை ஆட்டாதே என்று பாட்டிகள் அதட்டியது எல்லா வீட்டுக்கும் தெரியும். சாமானுக்கு உயிர் உண்டா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். மரியாதையில் மட்டும் குறை வைக்கமாட்டார்கள்.

அதற்கும் ஒரு படி மேலே போன சாமான் ஒன்று இந்த மலைத்தொடரிலேயே இருக்கிறது. இலஞ்சியிலிருந்து தெற்கே, பாபநாசம் தாண்டிக் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் காடு கொள்ளாத கூட்டம். அங்கே பட்டவராயன் என்கிற முத்துப்பட்டனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. அவன் பிராமணக் குலத்தில் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்தவன். பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றவன். கல்யாண ராத்திரியிலேயே மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்ளரோடு மோதி உயிர் விட்டவன். இரண்டு பெண்களும் சிதையேறினார்கள். வில்லுப்பாட்டில் வழங்கும் இந்தக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. பட்டவராயன் ராத்திரியில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறான் என்பது பக்தர்கள் நம்பிக்கை. புதுசாக வைத்த செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்து போயிருக்கும் என்பார்கள்.

கால் இல்லாமல் செருப்பு தேய்வது அசல் பேய்ப் படச் சமாச்சாரம். ஓபயாஷி கையில் கிடைத்திருந்தால் அந்தச் செருப்பு ஏழு பேரை மிதித்தே கொன்றிருக்கும். இங்கே யாரும் பயப்படுவதில்லை. அடுத்த ஆடிக்குப் புது ஜோடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த ஆவிக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

நெல்லை, தென்காசி, குமரி வட்டாரத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பாதிச் சாமிகள் கயிலாயத்தில் பிறந்தவை, மீதி அநியாயமாகச் செத்த மனிதர்கள். வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் எழுதிய அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தலைப்பிலேயே பிறப்பையும் சாவையும் சேர்த்து வைத்தார். செத்தவரின் கதையில் புலவர் அந்தச் சாவைப் பாடும் கட்டத்தில்தான் உடுக்கை வேகம் பிடிக்கும், சாமி வந்து இறங்கும். சாவோடு கதை நிற்பதில்லை. செத்தவர் நியாயம் கேட்பார், பழி வாங்குவார், பிறகு பீடமும் படைப்பும் கொடுத்தால் அதே ஊருக்குக் காவலாக நிற்பார்.

'ஹவுஸ்' பெரியம்மாவுக்கும் இங்கே தனி ஏற்பாடு உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைத் தென் மாவட்டத்துக் குடும்பங்கள் கன்னியாக வைத்துக் கும்பிடுகின்றன. வருஷம் ஒரு தடவை புதுச் சேலை, வளையல், மஞ்சள், பூ, பலகாரம் படைப்பார்கள். அந்தத் துணியைப் பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு கன்னிக்கு. அந்த ஜப்பானியப் பெரியம்மா இலஞ்சியில் செத்திருந்தால் குடும்பத்தார் வருஷா வருஷம் ஒரு பட்டுச் சேலை எடுத்து வைத்திருப்பார்கள். பியானோவுக்கு வேலையே இருந்திருக்காது. படமும் அரை மணியில் முடிந்திருக்கும்.

தமிழ் சினிமா இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. 'முனி' 2007-இல் வந்தது, 'காஞ்சனா' 2011-இல். இரண்டிலும் முதல் பாதி சிரிப்பு, இடைவேளைக்குப் பிறகு அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் முன்கதை, கடைசியில் பழி தீர்ப்பு. தலைமுறைகள் மாறினாலும் அமைப்பு கொடையில் கேட்டதுதான். பேய் கேட்பது நியாயம், அது கிடைத்ததும் கதை முடிந்துவிடும். கதாநாயகன் உடம்பை ஆவிக்குக் கொஞ்ச நேரம் கொடுத்து உதவுகிறானே, அது சாமியாடியின் வேலை.

இந்த வகைக் கதையில் இயந்திரம் வந்தாலும் விதி மாறுவதில்லை. நயன்தாரா நடித்த 'டோரா'வில் (2017) பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கார் தானாக ஓடுகிறது. ஏறியிருப்பது ஒரு நாயின் ஆவி, அதற்கும் தீர்க்க ஒரு பழி இருக்கிறது. அதே வருஷத்து 'மரகத நாணய'த்தில் இரும்பொறை மன்னனின் ஆவி லாரியாகத் துரத்துகிறது. 'லிஃப்ட்'டில் (2021) ஐ.டி. கம்பெனியின் மின்தூக்கி மேலும் கீழும் ஆட்டிவைக்கிறது. விசாரித்தால், அந்தக் கம்பெனியால் செத்தவர்களின் முறையீடு. கார் மேலும் லாரி மேலும் லிஃப்ட் மேலும் தப்பில்லை, அவை வெறும் வாகனம். முருகனுக்கு மயில்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு மாலை வாங்கிக்கொண்ட பொருள், வீட்டாரைக் கடிக்கும் என்று நம்பத் தமிழ்ப் பார்வையாளருக்கு மனசு வராது போலிருக்கிறது.

ஷங்கரின் '2.0' (2018 நவம்பர்) இதில் உச்சம். ஊரிலுள்ள செல்போன்கள் எல்லாம் கையிலிருந்து பறந்து போய், ஒன்றாகச் சேர்ந்து ராட்சதப் பறவையாகின்றன. சாமான்கள் கூட்டம் போட்டு மனிதர்மேல் பாயும் அந்த ஜப்பானியச் சுருளுக்கு உலக சினிமாவில் இவ்வளவு பக்கத்தில் வந்த பெருஞ்செலவுக் காட்சி வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் ஷங்கருக்கும் ஒரு முன்கதை வேண்டியிருந்தது. பறவைகளுக்காக அலைந்து, யாரும் காது கொடுக்காததால் செல்போன் கோபுரத்திலேயே தூக்கு மாட்டிக்கொண்ட பட்சிராஜன் வருகிறார். செல்போன்களுக்குச் சொந்தக் கோபம் கிடையாது. அது நல்லதா கெட்டதா என்றால், காட்சியின் மிரட்டலில் பாதியை முன்கதை தின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பறவையான செல்போனைப் பார்த்து வாய் பிளந்த கூட்டம், முன்கதை வந்ததும் உச்சுக் கொட்ட ஆரம்பித்தது.

இந்த விதியை மீறிய பெரிய படம் அதே ஷங்கரின் 'எந்திரன்' (2010 அக்டோபர்). அங்கே சிட்டி என்ற இயந்திர மனிதன்மேல் எந்தப் பேயும் ஏறவில்லை. ஆசை அதனுடையது, குற்றமும் அதனுடையது. அதனால் சாமியாருக்குப் பதில் நீதிமன்றம் வருகிறது. பிரித்துப் போடச் சொல்லித் தீர்ப்பு. சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கிறது. பிறகு 2030-இல் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு, சிந்திக்கத் தொடங்கியதுதான் தன் குற்றம் என்று ஒரு பள்ளிச் சிறுமிக்குச் சொல்கிறது. உயிர் வந்த இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அதன் வாயாலேயே ஒப்புக்கொள்ளவும் வைத்த முடிவு.

ஒரு படம் மட்டும் கணக்கை முடிக்காமல் விட்டது. விக்ரம் கே. குமார் இயக்கி, மாதவன் நடித்து, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில் 2009 மார்ச்சில் வந்த 'யாவரும் நலம்'. பதின்மூன்றாவது மாடி வீட்டில் பகல் ஒரு மணிக்கு ஓடும் நெடுந்தொடரில் வருவதெல்லாம் தங்கள் குடும்பத்திலேயே நடப்பதைக் கதாநாயகன் கவனிக்கிறான். அதே மனையில் முன்பு கொல்லப்பட்ட ஒரு குடும்பம் டிவி வழியாக நியாயம் கேட்கிறது. கொலைகாரன் கூடவே இருந்த டாக்டர்தான் என்று தெரிகிறது, அந்த டாக்டர் சாகிறான். வழக்கமான தமிழ்ப் படம் இங்கே கும்பிடு போட்டிருக்கும். இதில் கதாநாயகன் லிஃப்டில் ஏறுகிறான், செல்போன் அடிக்கிறது, பேசுவது செத்துப்போன அதே டாக்டர். அந்தக் குடும்பத்துக்கு டிவி என்றால் இந்த டாக்டருக்குச் செல்போன். நியாயம் கிடைத்த ஆவிகள் போய்விட்டன, கேட்க எந்த நியாயமும் இல்லாத ஆவி உள்ளே வந்துவிட்டது. பீடம் போட்டு உட்கார வைக்க முடியாத பேய் இது. 'ஹவுஸ்' முடிவுக்குத் தமிழில் மிக நெருங்கி வந்தது அந்த அரை நிமிஷம்தான்.

அந்தப் படம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் முதல்வர் கருணாநிதி இலவசக் கலர் டிவி திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதுவரை பக்கத்து வீட்டு ஜன்னலில் தொற்றிக்கொண்டு படம் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் சொந்த டிவி வந்தது. பகல் நேரத் தொடர்கள் கூடத்துக்குள் குடிவந்து, சோறு வேகும் நேரத்தையே மாற்றியிருந்த நாளில்தான், அந்தப் பெட்டி நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று 'யாவரும் நலம்' கேட்டது. டிவி திட்டம் தொடங்கி ஐந்து வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. இவற்றில் ஏறத் தமிழ் சினிமாவுக்கு இன்னும் ஒரு பேய் கிடைக்கவில்லை.

கிடைத்தால் மிரட்டவும் சிரிக்கவும் வைக்கச் சரக்கு நிறைய இருக்கிறது. அந்த டிவிப் பெட்டிகளில் பல இன்றைக்குப் பரண்மேல் கிடக்கின்றன. மீதி எடைக்குப் போய்விட்டன. பழைய இரும்புக் கடைக்காரர் உள்ளே இருக்கும் செம்புக்கு விலை சொல்வார், படக்குழாயை வேண்டாம் என்று ஒதுக்குவார். சுவரில் மாட்டும் தட்டை டிவி வந்த மறுநாளே குண்டு டிவியை இறக்கிய வீடுகள் இலஞ்சியிலும் உண்டு, எல்லா ஊரிலும் உண்டு. ஜப்பானியச் சுருளில் சாமான்கள் கோபப்பட்டது இதே காரணத்துக்குத்தான். இங்கே செத்தவர் ஆவி ஒன்றும் ஏற வேண்டாம். முன்கதையில் கொலை வேண்டாம், வில்லன் வேண்டாம், ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசை நிற்கும் குடும்பம் போதும். அன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஏற்றிய பெட்டி ஒரு ராத்திரி பரணிலிருந்து தானாக ஒளிர்ந்து, வீட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு, ஆயுத பூஜையன்று பரண் ஏறிப் பொட்டு வைக்க மறந்த பேரனையே முதலில் அனுப்புவார்கள்.